ஸ்டெல்லாரிஸ்ங்கற விண்வெளி வியூக கம்ப்யூட்டர் கேம்ல ஒற்றர் வேலை பார்த்தவங்க இருக்கீங்களா?

2021 ஏப்ரல்ல அதோட கூடுதல் தொகுப்பு நெமிசிஸ் வந்த வாரமே வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி பக்கத்து நாட்டோட பேசலாம், இல்லேன்னா அடிக்கலாம். மறைஞ்சு செய்ய ஒண்ணும் கிடையாது. ஒற்றர் வலைன்னு சொன்னதும் கை அரிக்க ஆரம்பிச்சிடுச்சு.

மேற்குல ஒரு பூச்சி இனம், என்னைவிட ரெண்டு மடங்கு படை. நேரா மோதினா அரை மணியில கதை முடிஞ்சிடும். கிழக்கு நாட்டோட நட்பை வளர்த்துட்டு இருந்த தூதரை எடுத்து, இந்தப் பக்கம் வலை பின்னப் போட்டேன். வலை எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு காட்டற ஊடுருவல் எண் ஒண்ணொண்ணா ஏறுது. ஒரு அளவுக்கு மேல நின்னுடுச்சு. அவங்க மறையாக்கம் (ரகசியத்தைப் பூட்டி வைக்கிற திறன்) பலம், அதை உடைக்கிற திறன் என்கிட்ட இல்லை. சரி போகட்டும்னு தொழில்நுட்பத் திருட்டை ஆரம்பிச்சேன். கட்டம் கட்டமா நகருது, கட்டத்துக்குக் கட்டம் பகடை. ஆட்டக் கணக்குல சில வருஷம் போச்சு.

கையில வந்தது ஏவுகணை ஆராய்ச்சியில ஒரு துண்டு. என் கப்பல் அத்தனையும் லேசர்! மலையைக் கெல்லி எலி பிடிச்ச கதை. சேர்த்து வெச்ச ஊடுருவல் எண்ணும் அதுல கரைஞ்சு போச்சு.

இதைவிட வலி, கிழக்கு நாடு. தூதர் போனதும் உறவு வருஷாவருஷம் தேய்ஞ்சு, கடைசில போர் தொடுத்தது பூச்சி இல்லை, அவங்கதான். தூதர் வேற, ஒற்றர் வேறன்னு பிரிச்சாலே பாதி எரிச்சல் தீரும். எதைத் திருடறதுன்னு நானே குறி வைக்கவும் முடியணும். எவ்வளவு கஷ்டமா வேணா இருக்கட்டும்.

பதில்:

நான் பழைய ஆள். 1993ல வந்த இன்னொரு விண்வெளி கேம், முதல் மாஸ்டர் ஆஃப் ஓரியன்ல திருட்டு நல்லபடியா முடிஞ்சா, சில சமயம் பழியை யார் தலையில போடறதுன்னு கேட்கும். அதுல வர்ற சைலான்கள்ங்கற இனத்துக்கிட்ட திருடி, புல்ராத்திங்கற கரடி இனத்தை மாட்டிவிட்டேன். அடுத்த சில சுற்றுல ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்க, நான் பாட்டுக்கு நடுவுல குடியேற்றம் பண்ணிட்டு இருந்தேன். அந்தத் திரையில மொத்தமே ரெண்டு மூணு வரிதான் இருக்கும். ஸ்டெல்லாரிஸ்ல அவதூறு பரப்பவும் வழி இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா திருடின கையோட பழியைத் திருப்பிவிடற அந்த ருசி வேற.

பதில்:

நான் அடி வாங்கின பக்கம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆடினோம். திடீர்னு என் விண்தளத்துல ஒரு பகுதி நாசம்னு செய்தி. உலோகக்கலவை கொஞ்சம் கொடுத்தேன், சில மாசத்துல திரும்பக் கட்டியாச்சு. செஞ்சவனுக்குத்தான் அதிக செலவு ஆகியிருக்கும்.

எனக்கு வேண்டியது எதிர்ப்பக்கம்: ஒற்றனைப் பிடிச்சா, அவன் வழியாவே பொய்க் கணக்கு அனுப்ப விடணும். என் படைபலம் 20,000ன்னு அவன் திரையில தெரியணும், உண்மையில இருக்கறது 5,000. அவனும் ரெண்டாவது ஒற்றனை அனுப்பி சரிபார்க்கட்டும், அப்பதான் ஆட்டம்.

யார் செஞ்சதுன்னு அன்னிக்கு கேம் எனக்குச் சொல்லலை. ஹெட்செட்ல ஒருத்தன் சிரிப்பை அடக்க முடியாம இருமினான், அதுல தெரிஞ்சிடுச்சு.