அபராதம் போட்டால் கடலில் எண்ணெய் கொட்டுவது நிற்குமா?

நெய்தல்:
மார்பால் (கப்பல் மாசைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) விதிப்படி, கப்பலின் அடியில் சேரும் பில்ஜ் நீரில் எண்ணெய் 15 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 15 பங்கு) மேல் இருந்தால் கடலில் விடக் கூடாது. மீறினால் பெரிய அபராதம். ஆனாலும் திருட்டுத்தனமாக விடுகிறார்களே, தண்டனை போதவில்லையா?

சுக்கான்:
தொகை அல்ல சிக்கல், மாட்டாமல் தப்புவதுதான். செயற்கைக்கோள் படத்தில் எண்ணெய்ப் படலம் தெரியும். எந்தக் கப்பல் என்று நிரூபிக்க ஏஐஎஸ் (கப்பல் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவி) தடம் பொருந்த வேண்டும், எண்ணெய் மாதிரியும் ஒத்துப்போக வேண்டும். நடுக்கடல் என்றால் வழக்கு, கப்பல் பதிவான கொடி நாட்டுக்குப் போகும். பல நாடுகள் ஆறப்போட்டுவிடும்.

பிஸ்டன்:
அமெரிக்கா வழி வேறு. அங்கே எண்ணெய்க் கழிவுக் கணக்கைப் பொய்யாக எழுதிய பதிவேட்டைத் துறைமுகத்தில் காட்டினாலே குற்றம். துப்புக் கொடுத்த மாலுமிக்கு அபராதத்தில் பாதி வரை கிடைக்கலாம். 2016இல் பிரின்சஸ் குரூஸ் 4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்ட வழக்கும், புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் ‘மேஜிக் பைப்’பைக் (சுத்திகரிப்பைத் தவிர்த்து நேரே கடலில் விடும் திருட்டுக் குழாய்) கண்டு சொன்னதில் தொடங்கியதுதான்.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது குழாய் மூட்டான பிளாஞ்சின் போல்ட்டுகளை: பெயின்ட் உரிந்திருந்தால் யாரோ அண்மையில் கழற்றியிருக்கிறார்கள். பிறகு நீரைக் கடலில் விடும் ஓவர்போர்டு குழாயின் உட்புறம். எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரைத் தாண்டியபின் அங்கே பிசுக்கு இருக்கவே கூடாது. பதிவேட்டு அளவையும் டேங்க் சவுண்டிங்கையும் (டேங்கில் உண்மையில் உள்ள அளவு) ஒப்பிட வேண்டும். எண்ணெய் அளவைக் காட்டும் மீட்டருக்குள் நன்னீர் விட்டு ஏமாற்றுவது பழைய வித்தை, அந்த நன்னீர் வால்வையும் பாருங்கள்.

நெய்தல்:
எண்ணெய்க் கழிவைக் கரையில் இறக்கக் காசு கேட்கிறார்களே?

சுக்கான்:
பாதிக் காரணம் அதுதான். பால்டிக் துறைமுகங்களில் கழிவுக் கட்டணம் துறைமுகக் கட்டணத்திலேயே அடக்கம். இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும், அப்புறம் கொட்டி என்ன மிச்சம்?