டூரியா கார்: அண்ணனா, தம்பியா?

பழைய கார்புரேட்டர்: "அமெரிக்காவில் முதல் கார் கம்பெனி தொடங்கிய சார்லஸ் டூரியாதான் 1893-ல் ஓடிய முதல் டூரியா காரையும் செய்தவர், தம்பி ஃபிராங்க் வெறும் ஸ்பேனர் பிடித்தவர்" என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். 1893 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டு தெருவில் வண்டி ஓடியபோது அண்ணன் எங்கே இருந்தார்? இல்லினாயில், பியோரியாவில். ஊரிலேயே இல்லாதவர் எப்படிச் செய்தார், தபாலிலா?

தஞ்சை டர்போ: அந்த "ஒருவர்" நான்தான். யோசனை அண்ணனுடையது. பணம் போட ஆள் பிடித்ததும் அண்ணன். தம்பி, கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

பழைய கார்புரேட்டர்: நான் தம்பி கட்சிதான், அதற்காக உங்களுக்குத் தம்பி இல்லை. அண்ணன் போட்ட எஞ்சின் ஓடவில்லை. தம்பி மாற்றிச் செய்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. 1895-ல் சிகாகோ பந்தயத்தில் பனியில் பத்து மணி நேரம் ஓட்டி ஜெயித்ததும் தம்பி. அப்புறம், பியோரியாவுக்குப் பதில் வரவில்லை.

ரெஞ்சு ராசா: "செய்தது" என்றால் வரைவதா, முடுக்குவதா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்களேன்.

பழைய கார்புரேட்டர்: பியோரியா எங்கே, ஸ்பிரிங்ஃபீல்டு எங்கே? மேப்பைப் பாருங்கள், போதும்.

ஓரங்கட்டு: 13 வண்டி செய்துவிட்டு 1898-ல் கடையைக் கட்டிய கம்பெனிக்கா இவ்வளவு கூத்து? ஃபோர்டு கால் தூசிக்கு வருமா?

பழைய கார்புரேட்டர்: ஒரே மாதிரியில் 13 வண்டி, ஐயா, 1896-லேயே. உங்கள் ஃபோர்டு அந்த ஜூனில்தான் தன் முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்.

ஓரங்கட்டு: அதே வருஷம் நியூயார்க்கில் டூரியா வண்டி ஒரு சைக்கிள்காரரின் காலை உடைத்ததையும் பெருமையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வியாபாரியாக இருந்த டூரியாவின் வண்டி சைக்கிளையே இடித்திருக்கிறது!

தஞ்சை டர்போ: கார்புரேட்டர் போன மாதம் பேக்கார்டு கார் விஷயத்திலும் இப்படித்தான் கத்தினார். அண்ணன் 1938-ல் போய்ச் சேர்ந்தார், தம்பி 1967 வரை இருந்தார். மறுக்க அண்ணன் இல்லாதபோது தம்பி சொன்னதையெல்லாம் வேதமாக்குகிறீர்கள்.

பழைய கார்புரேட்டர்: பேக்கார்டில் தோற்ற கடுப்பு இன்னும் ஆறவில்லையா? அண்ணன் உயிரோடு இருந்தவரை தன் பெயரையே முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாரே, அது என்ன வேதம்?

தஞ்சை டர்போ: தோற்றது யார் என்று ஊருக்கே தெரியும்.

பழைய கார்புரேட்டர்: சரி. பியோரியா?