நர்சிங் ஹோமுக்குப் பணியாளர் கையேடு எழுதியவர்கள் இருக்கிறீர்களா? என் அனுபவம் இது

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நர்சிங் ஹோம் நிர்வாகம் பார்க்கிறேன். அதற்கு முன் வார்டில் சிஸ்டராக இருந்தவள். கையேடு எழுதும் பொறுப்பு வந்ததும் இணையத்தில் மாதிரிகள் தேடினேன். கிடைத்தவை பெரும்பாலும் அமெரிக்க கிளினிக்குகளுடையவை. நோயாளி விவரத்தைக் காப்பதற்கான அவர்களுடைய ஹிப்பா சட்டமும் காப்பீட்டு விதிகளும் நமக்கு எதற்கு?

லீவு, சம்பளம், யூனிஃபார்ம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு என்று சட்டமே சொல்லிவிடுகிறது. புரியும்படி எடுத்து எழுதினால் போதும்.

நேரம் எடுத்தது ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்ற பக்கம்தான். நடு ராத்திரியில் குப்பை எடுக்கும்போது ஆயாம்மா கையில் ஊசி ஏறிவிடுகிறது, ட்யூட்டி டாக்டர் பிரசவ அறையில் இருக்கிறார். எழுதுவதற்கு முன் ஆயாம்மாக்களையே உட்காரவைத்து, "என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுவோம் என்றார்கள். ஒருவர் மட்டும், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், வேலை போயிரும்" என்றார்.

அதனால் அந்தப் பக்கத்தின் முதல் வரி இப்படி: "ஊசி குத்தியதைச் சொன்னால் யாரும் திட்டமாட்டோம், சம்பளத்தில் பிடிக்கமாட்டோம்." அப்புறம்தான் மற்றவை. பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அந்த மருந்துக்கு எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது, ராத்திரியில் எந்த ஆட்டோவைக் கூப்பிடுவது, காசு யார் தருவது என்பது வரை எழுதினோம்.

மருத்துவக் கழிவுகளைக் கையாளும் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. இதை டாக்டரிடம் காட்டிய பிறகு ஆயாம்மாக்களுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசி போட ஏற்பாடானது. கையேட்டால் கிடைத்த ஆகப் பெரிய பலன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, நோயாளி விவரம். எங்கள் ஊரில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தம். "மாடியில யாரும்மா அட்மிட் ஆகியிருக்கா?" என்று அத்தையே கேட்டால் அவள் என்ன செய்வாள்? விவரம் சொல்லக்கூடாது என்று மட்டும் எழுதினால் அவளுக்கு உதவாது. சொல்ல வேண்டிய பதிலையும் எழுதிக் கொடுத்தோம். அதை யோசித்துத் தந்ததே ஊழியர்கள்தான்: "சொன்னா என் வேலை போயிரும் அத்தை, டாக்டர்கிட்ட கேளுங்க." பழி ஆஸ்பத்திரி மேல் போகட்டும், உறவு கெடாமல் இருக்கட்டும். ஒருவருடைய எச்.ஐ.வி. பற்றிய விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது 2017 சட்டப்படி தவறு என்பதை மட்டும் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டோம்.

பதில் (ஸ்கேன் சென்டர் ஊழியர், கொங்குப் பக்கம்):

அக்கா, எங்களுக்கு 1994 சட்டத்தைப் பற்றிய பக்கம்தான் முக்கியம். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று வாயால் மட்டுமல்ல, சைகையாலும் சொல்லக்கூடாது. டாக்டர் சொல்லாவிட்டால் வெளியே வந்து எங்களிடம் கெஞ்சுவார்கள், கையில் பணத்தைத் திணிப்பார்கள். "பணம் கொடுக்க வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து மேலாளரைக் கூப்பிடு" என்ற ஒரே வரிதான் புதிதாக வந்த பெண்களுக்குக் கைகொடுத்தது.

பதில் (பல் மருத்துவர்):

எங்கள் கிளினிக்கில் ஆள் குறைவு. கனமான கையேட்டை யாரும் திறக்கவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என எந்தக் கழிவு எதில் என்பதை டப்பாக்களுக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். பெரிய இடங்களில் உறவினர்கள் தகராறு செய்தால் என்ன செய்வது என்று எழுதியிருக்கிறீர்களா?

பதில் (முதலில் எழுதியவர்):

எழுதியிருக்கிறோம் சார். மரணச் செய்தியை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதைச் சிஸ்டர் தலையில் கட்டக்கூடாது. கூட்டம் கூடினால் யாரும் தனியாக நிற்க வேண்டாம், 100-ஐக் கூப்பிடலாம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. புகாரை ஆஸ்பத்திரி பெயரில் நிர்வாகமே கொடுக்கும், எந்தச் சிஸ்டரையும் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பமாட்டோம் என்றும் எழுதி, அதற்குக் கீழே டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன்.