ஜீப் சேஸுக்கு பவுடர் கோட்டிங்கா, பெயிண்ட்டா? அவசரம்

மணல்வண்டி (செவ்வாய், காலை 7:42)
ஜீப் சேஸை (அடிச்சட்டம்) தனியாகக் கழற்றிப் போட்டாச்சு. பவுடர் கோட்டிங் (பொடி தூவி ஓவனில் சுடுகிற பூச்சு) போடலாமா, இல்லை பெயிண்ட்டே போதுமா? பவுடர் கடையில் 18,000 கேட்கிறார்கள், பெயிண்ட்டர் 9,000 சொல்கிறார். நாளை காலை டெம்போ வரச் சொல்லியிருக்கிறேன், அதனால் இன்று ராத்திரிக்குள் முடிவு எடுக்கணும். எது நாள்பட நிற்கும்? ஆஃப் ரோடு போகிற வண்டி.

நீலகிரி_540 (காலை 7:58)
எந்த ஜீப்? எந்த வருடத்து வண்டி? நீங்கள் எந்த ஊர்? சேஸ் எந்த நிலையில் இருக்கிறது? ஆஃப் ரோடு என்றால் சேறா, பாறையா, மணலா? இது எதுவும் தெரியாமல் நாங்கள் என்ன ஜோசியமா சொல்வது?

பட்டறைப் பாண்டி (காலை 8:10)
தம்பி, அந்த 9,000-ல் என்னென்ன அடக்கம் என்று முதலில் கேளுங்கள். எமரித் தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே கறுப்பு எனாமல் ஒரு கை என்றால் அது அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான். பிளாஸ்டிங் (மணல் மாதிரி துகளை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) சேர்ந்த விலையையும் சேராத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

நாலுக்குநாலு (காலை 8:31)
மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. பதினைந்து வருடமாக ஜீப் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேஸ் என்றால் பவுடர் கோட்டிங், பேச்சு முடிந்தது. கம்பெனிக்காரனே பவுடர்தான் போடுகிறான். பெயிண்ட் எல்லாம் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும்.

கோட்டிங்காரன் (காலை 9:05)
நாலுக்குநாலு சார், உண்மையில் ஜன்னல் கம்பிக்குத்தான் பவுடர் அதிகம் போகிறது. கோயம்புத்தூரில் பவுடர் லைனில் ஆறு வருடம் நின்றவன் நான். கார், ஜீப் கம்பெனிகள் சேஸுக்கும் பாடிக்கும் பெரும்பாலும் ஈடி கோட் போடுகின்றன. தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பிறகு சூளையில் சுடுவது. முக்குவதால் டியூபுக்கு உள்ளேயும் போய்ப் பிடிக்கும். பூச்சின் கனம் சுமார் 20 மைக்ரான்தான் இருக்கும், ஆனால் சந்துபொந்தெல்லாம் இருக்கும்.

பவுடர் அப்படியில்லை. ஸ்ப்ரே துப்பாக்கி முனையில் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்துத் தூவுகிறோம். எர்த் ஆன இரும்பில் எந்த இடம் முதலில் எதிர்ப்படுகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். சி-சேனல் என்கிற C வடிவச் சட்டத்தின் உள்மூலை, கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேருகிற இடுக்கு, இங்கெல்லாம் போகவே போகாது. இரண்டு விளிம்பும் பவுடரை இழுத்துக்கொள்ளும், நடு மூலை மொட்டையாக நிற்கும். ஜீப் சேஸ் துருப்பிடிப்பதே அந்த மூலையில்தான்.

நாலுக்குநாலு (காலை 9:20)
அனுபவம் இல்லாத கடையில் போட்டால் அப்படித்தான். நல்ல ஆளிடம் கொடுக்கணும்.

கத்துக்குட்டி (காலை 9:33)
இடையில் ஒரு சந்தேகம். பவுடர் கோட்டிங் ஓவனில் வைத்தால் சேஸ் வளைந்துவிடும், இரும்பு பலம் போய்விடும் என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறாரே?

கோட்டிங்காரன் (காலை 9:41)
வளையாது. 180 முதல் 200 டிகிரி வரை, இரும்பு அந்தச் சூட்டை எட்டிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். அந்தச் சூட்டுக்கு மைல்டு ஸ்டீல் அசையாது. உருகிய துத்தநாகத்தில் முக்குகிற கால்வனைசிங் தொட்டிதான் 450 டிகிரி. அங்கே மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அவர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருப்பார்.

உப்புக்காத்து (காலை 10:15)
எதுக்கு இவ்வளவு செலவு? நான் தூத்துக்குடி. எங்கள் அப்பா காலத்திலிருந்து வண்டிக்கு அடியில் வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிறோம், வருடத்துக்கு இரண்டு தடவை. உப்பளத்துக்குள் போய் வருகிற வண்டி. இன்று வரை சேஸில் ஓட்டை இல்லை. காசு வெறும் 200.

நீலகிரி_540 (காலை 10:22)
சஸ்பென்ஷன் புஷ் எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பிவிடும். கீழே சொட்டுகிற ஆயில் எங்கே போகிறது, மண்ணுக்குத்தானே?

உப்புக்காத்து (காலை 10:30)
புஷ் என்ன விலை, சேஸ் என்ன விலை? மண்ணைப் பற்றி ஊட்டியில் டூரிஸ்ட்டை ஏற்றி ஏற்றி இறக்குகிறவர்கள் பேசக் கூடாது.

நீலகிரி_540 (காலை 10:34)
நான் கோத்தகிரி. டூரிஸ்ட் ஏற்றுவதில்லை, தேயிலைதான் ஏற்றுகிறேன்.

(இதற்குப் பிறகு பதினோரு பதிவுகள் இ-பாஸ், டூரிஸ்ட் ஜீப், ஊட்டியில் பிளாஸ்டிக் என்று போயின. அவற்றை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். சேஸைப் பற்றி மட்டும் பேசுங்கள். – மட்டுறுத்துநர்)

மணல்வண்டி (மதியம் 1:12)
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். மஹிந்திரா எம்எம் 540 ஜீப், 1989 மாடல். நான் மதுரை. நாடாவில் அளந்தேன், சேஸ் சுமார் 11 அடி. கடைக்காரர் ஓவனில் நுழையும் என்கிறார். மேலோட்டமாகத்தான் துரு. 18,000-ல் பிளாஸ்டிங் உண்டு, 9,000-ல் இல்லை.

பட்டறைப் பாண்டி (மதியம் 1:25)
மேலோட்டம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. ஒரு சுத்தியலை எடுத்து, முன் ஸ்பிரிங் ஹேங்கரில் ஆரம்பித்து ஜாணுக்கு ஒரு தட்டாகப் பின்னாடி வரை போங்கள். நல்ல இரும்பு ணங் என்று பேசும். உளுத்த இடம் சொத் என்று அமுங்கும். அந்த இடத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு குத்து. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காருகிற இடத்தை விளக்கடித்துப் பாருங்கள், விரிசல் வருவது அங்கேதான். யாராவது ஒட்டுப் பிளேட் போட்டு வெல்ட் அடித்திருக்கிறார்களா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

மணல்வண்டி (மதியம் 2:40)
தட்டினேன். பெரும்பாலும் ணங். இடது பக்கம், பின் ஸ்பிரிங் ஷாக்கிளுக்கு முன்னால் ஒன்றரை அடிக்கு சேஸ் மேலேயே ஒரு பிளேட் வைத்து வெல்ட் அடித்திருக்கிறது. அங்கே மட்டும் சத்தம் செத்த மாதிரி இருக்கிறது. பிளேட் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டேன், இலை இலையாக உதிர்ந்தது, விரல் கனத்துக்கு. அப்புறம் இன்னொரு விஷயம், இது முக்கியமா தெரியவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ராமேஸ்வரம். தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன வண்டி.

நீலகிரி_540 (மதியம் 2:44)
முக்கியமா தெரியவில்லையாம்!

பட்டறைப் பாண்டி (மதியம் 2:51)
தனுஷ்கோடிக் கோடியில் இருக்கிற அரிச்சல்முனைக்கு ரோடு திறந்தது 2017-ல். அதுவரை அங்கே வண்டி போனதெல்லாம் மணலிலும் கடல் தண்ணியிலும்தான். பாதி தூரம் டயர் முங்க அலையில் ஓட்டுவார்கள். இதை ஏன் காலையில் சொல்லவில்லை தம்பி?

கோட்டிங்காரன் (மதியம் 3:20)
இனி பவுடரா பெயிண்ட்டா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி உப்பு. கடல் தண்ணி பட்ட இரும்பில் துருக்குழியின் அடியில் உப்பு உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிங் செய்தால் துரு போகும், உப்பு போகாது. அதன் மேல் நீங்கள் தங்கத்தையே பூசினாலும் காற்று ஈரத்தை உப்பு உள்ளே இழுத்து, ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். பவுடர் என்றால் இன்னும் மோசம், கொப்புளம் வெளியே தெரிவதற்குள் அடியில் சாணளவு பரவியிருக்கும். உரித்தால் பிளாஸ்டிக் பை மாதிரி கையோடு வரும்.

எங்கள் லைனில் செய்தது இதுதான். ஒரு தடவை பிளாஸ்ட் அடித்து, நல்ல தண்ணியில் பிரஷரோடு கழுவி, ஒரு ராத்திரி அப்படியே விடுவோம். காலையில் எல்லா இடமும் லேசாகத் துருவேறிப் பழுத்திருக்கும், அது பரவாயில்லை. எங்கே கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக நிற்கிறதோ அங்கே உப்பு இருக்கிறது. மறுபடி கழுவு, மறுபடி பிளாஸ்ட். பொட்டு வராத பிறகு, கடைசி பிளாஸ்ட் முடிந்த நாலு மணி நேரத்துக்குள் பிரைமர் (அடிப்பூச்சு) ஏறிவிடணும். மதுரையில் ஈரம் குறைவு, கொஞ்சம் தாங்கும். ராமேஸ்வரத்திலேயே செய்தால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழுக்கும்.

மணல்வண்டி (மதியம் 3:31)
அவர் வருடா வருடம் அடியில் ஆயில் அடிப்பாராம். அதுவும் சொல்லிவிடுகிறேன்.

உப்புக்காத்து (மதியம் 3:33)
பார்த்தீர்களா! அலையில் ஓடிய வண்டி, இத்தனை வருடம் கழித்தும் ணங் என்கிறது. காலையில் என்னைக் கிண்டல் செய்தவர்கள் வரிசையில் வரவும்.

பட்டறைப் பாண்டி (மதியம் 3:40)
வெளியே காப்பாற்றியது, ஒத்துக்கொள்கிறேன். பிளேட்டுக்கு அடியில் ஆயில் போகவில்லை, தண்ணி போனது.

கோட்டிங்காரன் (மதியம் 3:48)
அந்த ஆயில்தான் இப்போது பவுடருக்கு எமன். ஜீப் சேஸ் ரிவெட் அடித்தது. ரிவெட் தலைக்கு அடியிலும் பிளேட் இடுக்கிலும் இத்தனை வருட ஆயில் ஊறியிருக்கும். 200 டிகிரியில் அது கொதித்து வெளியே வழியும், வழிந்த இடமெல்லாம் பவுடர் குழி குழியாகும். முதலில் வெறும் சேஸை ஓவனில் சுட்டு ஆயிலைக் கக்க வைத்துவிட்டுப் பவுடர் போடலாம், ஆனால் அந்தப் பொறுமை எத்தனை கடைக்கு இருக்கிறது? பெயிண்ட் பக்கம் வந்தால், இரண்டு பாகம் கலந்து பூசுகிற எபாக்சி பிரைமருக்கும் எண்ணெய் ஆகாதுதான். ஆனால் அங்கே சூடு இல்லை, தின்னர் போட்டுத் துடைத்துத் துடைத்து எடுத்தால் மறுபடி ஊறி வருவது குறையும்.

நாலுக்குநாலு (மாலை 4:15)
எல்லோரும் சேர்ந்து அந்தப் பையனைப் பயமுறுத்துகிறீர்கள். என் வண்டியில் பவுடர் போட்டு ஏழு வருடம், இன்னும் கண்ணாடி.

பட்டறைப் பாண்டி (மாலை 4:22)
உங்கள் வண்டி ஏழு வருடத்தில் பாறையில் எத்தனை தடவை வயிறு உரசியது சார்?

நாலுக்குநாலு (மாலை 4:24)
நான் பார்த்து ஓட்டுகிறவன்.

பட்டறைப் பாண்டி (மாலை 4:37)
அப்ப சரி. ஆஃப் ரோடு சேஸ் என்றால் என்றாவது வெல்டிங் வரும். ஷாக் மவுண்ட் பிடுங்கும், வின்ச் (இழுவைக் கருவி) பிளேட் வைப்பான், விரிசல் விடும். பவுடர் போட்ட சேஸில் வெல்ட் அடித்தால் நாலு விரல் சுற்றளவுக்குப் பொசுங்கும். அந்த இடத்தை மட்டும் திரும்பப் பவுடர் போட வண்டியையே பிரித்து ஓவனுக்குக் கொண்டுபோகணும். யாரும் போகமாட்டார்கள், மேலே ஸ்ப்ரே டப்பாவைப் பீய்ச்சிவிட்டு விடுவார்கள். எபாக்சி என்றால் தேய்த்து, பிரஷ்ஷால் தொட்டு, அன்றைக்கே வண்டியை எடுக்கலாம். வீல் ரிம், பம்பர், கேரியர் இதெல்லாம் பவுடர் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி, அந்தப் பிளேட்டை முதலில் அறுத்தெடுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம். நாளை டெம்போ வேண்டாம்.

கத்துக்குட்டி (மாலை 5:02)
எபாக்சி பிரைமர், மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்றால் வீட்டு ஷெட்டில் நானே அடிக்கலாமா? கம்ப்ரஸர் இருக்கிறது. என்னுடையதும் ஜீப்தான்.

கோட்டிங்காரன் (மாலை 5:15)
எபாக்சியை பிரஷ்ஷில் போடுங்கள், சேஸுக்கு அழகு முக்கியமில்லை. ரிவெட் தலையைச் சுற்றியும் உள்மூலையிலும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோடு இழுத்துவிட்டு அப்புறம் மொத்தமாகப் பூசுங்கள். வெயில் படுகிற இடத்தில் எபாக்சி மாவு பூத்துப்போகும், அதனால்தான் மேலே பி.யூ. ஹார்ட்னர் கலந்து அடிக்கிற அந்த டூ-கே பி.யூ.வை வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைப் பிடித்தால் விடாது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் கணக்கிலேயே இல்லை, வெளியிலிருந்து காற்று வருகிற மாஸ்க் வேண்டும்.

நீலகிரி_540 (மாலை 5:40)
யாரும் சொல்லாத ஒன்று: சேஸ் நம்பர். பிளாஸ்டிங்காரன் அதன் மேலேயும் அடித்துவிடுவான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்போது இன்ஸ்பெக்டர் பென்சில் பிரிண்ட் எடுக்க நம்பரைத் தேடுவார். மங்கிப்போனால் உங்கள் வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க அலையணும். ரப்பர் ஷீட் வைத்து டேப் சுற்றி, நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கையோடு பேட்டரி எர்த் பிடிக்கிற இடத்தையும் மறைத்து வையுங்கள். ஒருவர் அதை மறைக்காமல் பவுடர் போட்டுக் கோத்துவிட்டு, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்று இரண்டு பேட்டரி மாற்றினார்.

மணல்வண்டி (மாலை 6:05)
டெம்போவை நிறுத்திவிட்டேன். பிளேட்டை அறுக்க நாளை வெல்டர் வருகிறார்.

கத்துக்குட்டி (சனி, காலை 9:10)
என்ன ஆச்சு அண்ணா?

உப்புக்காத்து (திங்கள், இரவு 8:44)
ஆயில் அடித்திருப்பார். 200 ரூபாய்.

மணல்வண்டி (பதினெட்டு நாள் கழித்து, இரவு 10:20)
பிளேட்டுக்கு அடியில் சேஸ் சல்லடை. அந்த ஒன்றரை அடியை வெட்டிப் புது சேனல் வைத்தாச்சு. கப்பலூர் பக்கம் பிளாஸ்டிங். முதல் ராத்திரி கறுப்புப் பொட்டு நிறைய வந்தது, இரண்டாவது ராத்திரி பின் ஹேங்கரில் மட்டும், மூன்றாவது தடவை சுத்தம். எபாக்சி இரண்டு கை பிரஷ்ஷில், மேலே பி.யூ. கறுப்பு, அதைப் பெயிண்ட் கடையிலேயே அடித்துக் கொடுத்தார்கள். மொத்தம் 26,000 ஆகிவிட்டது. ரிம் மட்டும் பவுடர். எல்லோருக்கும் நன்றி, படம் நாளை போடுகிறேன்.

நாலுக்குநாலு (இரவு 10:31)
18,000-க்கு முடிந்திருக்க வேண்டிய வேலை.

பட்டறைப் பாண்டி (இரவு 10:48)
நல்லா செய்தீர்கள் தம்பி. அந்த வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

நீலகிரி_540 (இரவு 10:52)
மூன்று தடவை பிளாஸ்டிங் செய்தீர்களே, மூன்று தடவையும் சேஸ் நம்பரை மறைத்தீர்கள்தானே?

நீலகிரி_540 (நான்கு நாள் கழித்து, காலை 7:15)
மணல்வண்டி? சேஸ் நம்பர்?