தொடைப் பின்தசை அடிக்கடி பிடித்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

தேனி ரைடர்: கபடியில் போனஸுக்குக் காலை நீட்டும்போதெல்லாம் வலது தொடையின் பின்தசை சுண்டி இழுக்கிறது. ஆட்டத்துக்கு முன் குனிந்து கால் விரலைத் தொட்டு ஸ்ட்ரெச் செய்கிறேனே, போதாதா?

பழைய டிஃபெண்டர்: போதாது தம்பி. தசை நீளும்போதே பாரம் தாங்கப் பழக வேண்டும். அதற்கு நார்டிக் கர்ல்தான். மண்டி போடு, ஒருத்தர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் மெதுவாக முன்னால் சாய்ந்து, முடியாதபோது கையை ஊன்று. வாரம் 2 நாள், 5 முறை வீதம் 2 சுற்று போதும். மறுநாள் தொடை கனக்கும், பயப்படாதே. மேட்ச்சுக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம்.

பிசியோ அக்கா: நடக்கும்போதே வலித்தால் இதைத் தொடங்காதீர்கள், முதலில் காட்டுங்கள். அப்புறம் வேக ஓட்டத்தையும் படிப்படியாகக் கூட்டுங்கள்.

தேனி ரைடர்: சரிக்கா. எங்களிடம் மேட் இல்லை, மண் தரைதான். முட்டி?

பழைய டிஃபெண்டர்: சாக்கை நாலாக மடித்துப் போடு.