புதுப்பிப்பு: ஸ்விஃப்டில் 15 அங்குல அலாய், தீராத அந்த நடுக்கம்

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: என் ஸ்விஃப்ட் காரின் 14 அங்குல இரும்புச் சக்கரங்களை மாற்றி 15 அங்குல அலாய் (உலோகக் கலவைச் சக்கரங்கள்) போட்டதிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஏன் என்று. பலரும் பாலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) என்றீர்கள். இரண்டு முறை செய்தேன், பணம்தான் போனது.

குற்றவாளி சக்கரத்தின் நடுத்துளை. நான்கு நட்டுத் துளைகளும் அவை அமைந்த 100 மி.மீ. விட்டமுள்ள வட்டமும் சரியாகவே இருந்தன. ஆனால் காரின் ஹப் (சக்கரத்தின் நடுத்துளைக்குள் நுழையும் குமிழ்) 54.1 மி.மீ., சக்கரத்தின் நடுத்துளையோ 67.1. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே வார்த்துவிடுகிறார்கள். சக்கரம் ஹப்பில் உட்காராமல், நட்டு முடுக்கிய இடத்தில் மயிரிழை விலகி நின்றிருக்கிறது. பாலன்சிங் இயந்திரம் நடுத்துளையைப் பிடித்தே சுழற்றுவதால் அதில் எதுவும் தெரியாது!

தீர்வு, ஹப்புக்கும் நடுத்துளைக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பும், வளையல் போன்ற நான்கு பிளாஸ்டிக் வளையங்கள். ஹப்பில் மாட்டி, சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிவைத்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்கினோம். இப்போது 100இலும் ஸ்டியரிங் அசையவில்லை.

டயர் அளவு கேட்டவர்களுக்கு: 165/80 ஆர்14 போய் 185/65 ஆர்15 வந்திருக்கிறது (அகலம் மி.மீட்டரில், பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், சக்கரம் அங்குலத்தில்). மொத்த விட்டம் 2 மி.மீ.தான் கூடுகிறது, வேகமானி பொய் சொல்லாது. ஆனால் டயரின் பக்கச்சுவர் 132 மி.மீட்டரிலிருந்து 120 ஆகிவிட்டது. அதனால் கூடிய குலுக்கலைப் பின்னிருக்கையில் அமரும் அப்பா ஒவ்வொரு பள்ளத்திலும் நினைவூட்டுகிறார்.

மாற்றுச் சக்கரம் (ஸ்டெப்னி) பழைய இரும்புதான். அதற்குரிய நட்டுகளை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன்.