அக்கா பையனுக்கு மறுபடியும் தலை சிடி ஸ்கேன் அவசியமா?

குழுவில் உள்ள ரேடியாலஜி டாக்டர்கள், டெக்னீஷியன்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். அக்கா பையனுக்கு 6 வயது. மாடிப்படியில் உருண்டு விழுந்து வாந்தி எடுத்ததால் உடனே தலைக்கு சிடி எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை என்று அன்றே தெரிந்தது; அந்த ஸ்கேன் தேவைதான். இப்போது நன்றாக ஓடியாடுகிறான்.

ஆனால் வேறொரு மருத்துவமனையில், பென் டிரைவில் இருக்கும் படங்கள் திறக்கவில்லை, புதிதாக எடுங்கள் என்கிறார்கள். ஒரு தலை சிடியில் உடம்பில் படும் எக்ஸ்ரே கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), கிட்டத்தட்ட ஓராண்டில் இயற்கையாகக் கிடைக்கும் அளவு. ஆபத்து சிறிதுதான், ஆனாலும் குழந்தைகளின் வளரும் திசுக்களை அது அதிகம் பாதிக்குமே. படம் திறக்காததற்காகவா இன்னொரு டோஸ்?

முதலில் எடுத்த இடத்தில் டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான பொதுவான வடிவம்) கோப்புகளை மறுபடி வாங்கிக் கொடுத்தால் போதுமா? எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, சரி; ஆனால் அசையாமல் படுக்க மயக்க மருந்து வேண்டியிருக்குமோ? டாக்டரிடம் எப்படிக் கேட்பது? திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.